ஓடும் நீரும் சுடும் இழையும்

கொட்டியாரக் குடாவில் தோணி தள்ளப் போகும் கடற்றொழிலாளி, காற்று எப்பக்கமிருந்து எழுகிறது என்று ஐயுறும் வேளையில் விரலை நனைத்து உயர்த்திப் பிடிக்கிறான். விரலின் எப்பக்கம் முதலிற் குளிர்கிறதோ அப்பக்கமே காற்று வரும் பக்கம். குளிர்ச்சி மிகுந்தால் காற்று பலத்தது, குறைந்தால் மெலிந்தது. எந்தப் பாடசாலையும் இதை அவனுக்குக் கற்பிக்கவில்லை. தந்தை செய்வதைக் கண்டு மகன் செய்தான், அவ்வளவே.

இச்சிறு செயலில் மூன்று உறுப்புகள் உள்ளன. சூடுள்ள ஓர் உடல். அதைத் தழுவிச் செல்லும் ஒரு பாயி. உடல் இழந்த சூட்டை உணர்ந்து சொல்லும் ஒரு நரம்பு. காற்றும் நீரும் போல ஓடும் இயல்புடைய பொருள்களையே விஞ்ஞான நூல்கள் பாயி என்று அழைக்கின்றன. இன்று கடுகளவுச் சிலிக்கன் தகட்டிற் பொறியியலாளர் அமைக்கும் நுண்வெப்ப உணரியிலும் இந்த மூன்று உறுப்புகளே இருக்கின்றன. நனைந்த விரலிலிருந்து அந்தக் கடுகு வரையுள்ள பாதை எவ்வாறு அமைந்தது, அந்தப் பாதையில் உழைக்கும் மக்களின் பங்கும் உரிமையும் எவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூதூரில் இருப்பவனுக்கு இந்தக் கதை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி முடிவது மூதூரின் அருகே, கொட்டியாரக் குடாவில். அதன் கிளையாகிய வெருகலாற்றின் நீரே மாவிலாற்று அணைக்கட்டின் வழியாக அல்லை வயல்களுக்குப் பாய்கிறது. மலைநாட்டிலே தொடங்கி, வழியெல்லாம் பங்கு போடப்பட்ட நீரின் கடைசிப் பங்காளர் இவ்வூர் மக்கள். பந்தியிற் கடைசியில் இருப்பவனுக்கே அகப்பையின் அளவைப் பற்றிய கவலை அதிகம்.

*

நீரைப் பங்கிடுவோர் எல்லா நாட்டிலும் ஒரே இடத்தில் இடறி விழுந்திருக்கிறார்கள். வாய்க்காலின் அகலம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆழத்தை ஒரு கோல் சொல்லிவிடும். வேகத்தை மட்டும் கண் சரியாக அளப்பதில்லை.

கி.பி. 97ஆம் ஆண்டில் உரோமாபுரியின் நீர்வழங்கல் அதிகாரியாக நியமிக்கப்பட்ட புரொன்ரினசு, நகருக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்களையெல்லாம் அளந்து எழுதிவைத்தார். அவர் கையாண்ட அலகு குழாய் வாயின் பரப்பு. ஊற்றுக்கண்ணிற் கிடைத்த அளவும் நகரில் வழங்கப்பட்ட அளவும் ஒத்து வரவில்லை. நீர்க்குழாய்த் தொழிலாளரின் களவே இதற்குப் பெருங்காரணம் என்று அவர் முடிவு கட்டினார். களவு இருந்தது உண்மைதான். ஆயினும் வேகத்தைச் சேர்க்காத கணக்கு, கள்வனையும் நிரபராதியையும் பிரித்துக் காட்டும் வல்லமை அற்றது. பரப்போடு வேகமும் வேண்டும் என்று அலெக்சாந்திரியாவின் ஈரோன் அதே நூற்றாண்டில் எழுதியிருந்தார். ஆட்சியாளரின் கணக்கேட்டுக்குள் அது நுழையவில்லை. கலிலியோவின் மாணவராகிய கஸ்தெல்லி 1628இல் தம் நூலில் அதே உண்மையைத் தெளிவாக நிறுவிய பிறகே, பரப்பை வேகத்தாற் பெருக்கினால் நீரளவு என்னும் எளிய கணக்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது. ஒன்றரை ஆயிரம் ஆண்டுகள் அரைக் கணக்கை வைத்துக்கொண்டு மனிதர் வழக்காடியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் குளங்களைக் கட்டியோர் இந்தச் சிக்கலை வேறு வழியில் எதிர்கொண்டார்கள். வேகத்தை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. அதை அடக்கும் அறிவு இருந்தது. பழைய பெருங்குளங்களின் கட்டுக்குள் கல்லாற் கட்டப்பட்ட சதுரக் கிணறு போன்ற ஓர் அமைப்பைக் காணலாம். சிங்களத்தில் அதற்குப் பிசோகொட்டுவ என்று பெயர். குளத்தின் ஆழம் தரும் அழுத்தத்தோடு சீறி வரும் நீர் அந்தக் கிணற்றுள் வேகம் தணிந்து, கட்டை அரிக்காமல், துருசின் வழியே வெளிப்படும். நீர்ப்பாசனப் பொறியியலாளராயிருந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த தம் நூலில், இந்த அமைப்பைக் கண்டுபிடித்த பெருமை இந்நாட்டு மக்களுக்கே உரியது என்று வியந்து எழுதினார். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவனாகத் திருகோணமலை மரபு குளக்கோட்டனைச் சொல்கிறது. சூளவம்சமோ இரண்டாம் அக்கபோதியின் பெயரைச் சொல்கிறது. எந்த மன்னன் பெயரை ஏற்றாலும், கல் சுமந்தவனின் பெயரும் அந்தக் கிணற்றின் சூத்திரத்தைக் கண்ட கைவினைஞனின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை.

துருசைத் திறக்கும் அதிகாரம் எப்போதும் யாரோ ஒருவன் கையில் இருந்தது. 1856இல் தேசாதிபதி ஹென்றி வாட் காலத்து நீர்ப்பாசனச் சட்டம் பழைய வயல் வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக அமைந்தது. கிழக்கின் வயல்வெளிகளில் வட்டவிதானையின் சொல்லே நீரின் சொல்லாயிற்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கு மாற்ற முனைந்தது. இன்று கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. போகந்தோறும் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. அதிகாரியின் பெயர் மாறியது. கூட்டத்தின் பெயர் மாறியது. சிறுபோகத்தில் வாய்க்காலின் தலைப்பில் இருப்பவனுக்கும் கடைசியில் இருப்பவனுக்கும் இடையேயுள்ள வழக்கு மாறவில்லை. "உன் வாய்க்காலும் என் வாய்க்காலும் ஒரே அகலந்தானே" என்று தலைப்பில் இருப்பவன் சொல்வான். கடையிலிருப்பவனின் வாய்க்காலில் நீர் நிற்கிறதா நடக்கிறதா என்று சொல்ல ஒரு கருவி வேண்டும்.

*

வேகத்தை அளக்கும் முதற் கருவிகள் நீரின் தள்ளு விசையை நம்பியவை. 1732இல் பிற்றோ என்ற பிரெஞ்சுக்காரர் வளைந்த கண்ணாடிக் குழாயைச் சேன் ஆற்றில் இறக்கி, குழாயில் நீர் ஏறிய உயரத்தாற் வேகத்தைக் கணித்தார். பின்னர் ஓட்டத்திற் சுழலும் கிண்ணங்களும் விசிறிகளும் வந்தன. இவையெல்லாம் வேகமான நீருக்கு நல்லவை. மெல்ல ஊரும் நீருக்கு முன் அவை ஊமைகள். தள்ளு விசை வேகத்தின் வர்க்கத்தோடு குறைவதாற் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நூறில் ஒரு பங்கு விசையே எஞ்சும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் விசையை விட்டு வெப்பத்தைப் பற்றினார்கள். 1911இல் தோமஸ் என்ற அமெரிக்கர், குழாயில் ஓடும் வாயுவை மின்சாரத்தாற் சிறிது சூடாக்கி, சூடாக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் உஷ்ணத்தை அளந்து, கடந்து சென்ற வாயுவின் திணிவைக் கணக்கிட்டார். கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி வெசோ கிங் 1914இல், மின்சாரத்தாற் சூடேற்றிய மெல்லிய கம்பி, ஓடும் காற்றில் எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்பதற்கு விதி கண்டார். அவ்விதி எளியது. இழப்பின் ஒரு பகுதி காற்று அசையாதபோதும் உண்டு. மற்றப் பகுதி வேகத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். வேகம் நான்கு மடங்கானால் அப்பகுதி இரண்டு மடங்காகும். இதன் பயன் என்ன? மெல்லிய ஓட்டத்திலேயே இக்கருவி மிகக் கூர்மையாக உணரும். விசைக்கருவி ஊமையாகும் இடத்தில் வெப்பக்கருவி பேசத் தொடங்குகிறது.

சூட்டின் இழப்பை எப்படி அறிவது? உலோகக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். தங்குதன் கம்பியில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் நான்கு பங்கு. காற்று கம்பியைக் குளிர்விக்கும்போது தடை குறைகிறது. நான்கு தடைகள் சேர்ந்த ஒரு பாலச் சுற்று அந்தக் குறைவை உடனே கண்டு, கம்பியைப் பழைய சூட்டுக்கு மீட்கும் அளவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. கம்பியின் சூடு மாறுவதில்லை; அதைக் காக்கச் செலவான மின்சாரமே ஓட்டத்தின் வேகத்தைச் சொல்கிறது. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ எழுபது மைக்கிரோன். இக்கம்பியோ ஐந்து மைக்கிரோன். ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. இவ்வளவு மெலிந்த கம்பிகூட விரைவான மாற்றங்களுக்குப் பின்தங்குகிறது என்று கண்டு, 1929இல் அமெரிக்காவின் திரைடனும் கியூதும் அந்தப் பின்னடைவை ஈடுசெய்யும் மின்சுற்றை அமைத்தார்கள். கொந்தளிக்கும் காற்றின் நாடித்துடிப்பு அதன் பிறகே ஆய்வுகூடங்களிற் கேட்கலாயிற்று.

இது மேலைநாட்டாரின் தனிச்சொத்தாக இருந்துவிடவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நாராயண ராவ், ரொத்தம் நரசிம்மா, பத்ரி நாராயணன் ஆகிய மூவரும் சூட்டுக்கம்பியின் துணையோடு, சுவரை ஒட்டிய கொந்தளிப்பு இடைவிட்டு இடைவிட்டு வெடித்தெழும் விதத்தை ஆராய்ந்தார்கள். அந்த வெடிப்புகளின் கால இடைவெளியைச் சுவரருகேயுள்ள நிலைமைகள் தீர்மானிப்பதில்லை; முழு ஓட்டத்தின் வேகமும் தடிப்புமே தீர்மானிக்கின்றன என்று 1971இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தைப் பெற்றது. ஏழை நாட்டில் அடிப்படை விஞ்ஞானம் ஆடம்பரம் என்று பேசுவோருக்கு இதைவிட நல்ல மறுமொழி வேண்டியதில்லை.

*

ஆய்வுகூடக் கம்பி மெல்லியது, உடையக்கூடியது, ஒவ்வொன்றாகக் கையாற் பொருத்தப்படுவது. அதை மலிவாக, ஆயிரக்கணக்கிற் செய்ய வேண்டுமாயின் வேறு வழி தேவை. 1974இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் வான் பூட்டனும் மிடல்ஹுக்கும், மின்னணுச் சில்லுகள் செய்யும் முறையாலேயே ஒரு சிலிக்கன் துண்டிற் காற்றுமானியை அமைத்துக் காட்டினார்கள். நுண்வெப்ப உணரிகளின் வரலாறு இங்கே புதிய பக்கத்தைத் திருப்புகிறது.

வடிவமைப்பாளனின் முதற் பகைவன் சிலிக்கனேதான். அது வெப்பத்தை நீரைவிட ஏறத்தாழ இருநூற்றைம்பது மடங்கு எளிதாகக் கடத்தும். சூடேற்றியை அதன்மேல் நேராக வைத்தால், வெப்பம் பாயிக்குப் போகாமல் துண்டின் உடலுக்குள் ஓடிவிடும். வாய்க்காலுக்கு விட்ட நீர் ஓட்டைக் கட்டின் வழியே பக்கத்துப் பள்ளத்துக்குப் போவது போலத்தான். ஆகவே சூடேற்றியின் அடியிலுள்ள சிலிக்கனை அகற்றிவிட வேண்டும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் சிலிக்கன் பளிங்கின் சில தளங்களை விரைவாகவும் சிலவற்றை மிக மெதுவாகவும் அரிக்கும் இயல்புடையது. துண்டின் பின்புறத்திலிருந்து அவ்வாறு அரித்தால், முன்புறத்தில் ஏறத்தாழ ஒரு மைக்கிரோன் தடிப்புள்ள சிலிக்கன் நைத்திரைட்டுச் சவ்வு மட்டும் பறைத்தோல் போல விறைத்து நிற்கும். அந்தச் சவ்வின் நடுவே ஒரு சூடேற்றி; ஓட்டத்தின் மேற்பக்கம் ஓர் உஷ்ணமானி; கீழ்ப்பக்கம் மற்றோர் உஷ்ணமானி. நீர் அசையாதிருந்தால் இரண்டும் ஒரே உஷ்ணத்தைச் சொல்லும். நீர் நகர்ந்தால் வெப்பம் கீழ்ப்பக்கம் சாயும். இரண்டின் வித்தியாசம் வேகத்தைச் சொல்லும். எது சூடானது என்பது திசையைச் சொல்லும். நனைந்த விரலின் இரு பக்கங்கள் இவையே.

சூடேற்றிக்கும் உஷ்ணமானிக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது? இதுவே வடிவமைப்பின் உயிர்நிலை. நீர் ஓடாதபோதும் வெப்பம் தானாகவே எல்லாப் பக்கமும் பரவும். நூறு மைக்கிரோன் இடைவெளியுள்ள கருவியில், வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் வேகத்தில், பரவும் வெப்பமும் ஓட்டம் இழுத்துச் செல்லும் வெப்பமும் சமபலம் பெறுகின்றன. அதற்கும் குறைந்த வேகத்திற் கருவியின் சொல் ஓட்டத்துக்கு நேர்விகிதமாக இருக்கும். மிகுந்த வேகத்தில் வெப்பப் படலம் மெலிந்து, இரு பக்கமும் குளிர்ந்து, கருவி தடுமாறும். மெல்லிய ஓட்டத்துக்கு உஷ்ணமானியைத் தள்ளி வைக்க வேண்டும்; விரைந்த ஓட்டத்துக்கு நெருக்கி வைக்க வேண்டும்; அல்லது கிங் காட்டிய வழியிற் சூடேற்றியின் இழப்பையே அளக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. ஒரு கணம் மட்டும் சூடேற்றி, அந்தச் சூட்டின் துடிப்பு கீழ்ப்பக்கம் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. ஜெர்மனியின் ஊபர் 1932இல் இவ்வழியாற் மரத்தண்டுக்குள் ஏறும் சாற்றின் வேகத்தை அறிய முயன்றார். மரம் குடிக்கும் நீரையும் வெப்பத்தால் அளக்கலாம் என்பது வேளாண்மை செய்வோர் அறிய வேண்டிய செய்தி.

ஆயின் இந்தக் கடுகை மூதூர் வாய்க்காலில் அப்படியே இறக்கிவிட முடியுமா? முடியாது. இதை மறைத்து விஞ்ஞானத்துக்குப் புகழ்பாடுவது விஞ்ஞானத்துக்கே செய்யும் தீங்கு. பெரும்போக மழையில் மகாவலியின் நீர் சேறு சுமந்து வரும். சேறும் பாசியும் சவ்வின்மேற் படிந்தால், போர்வை போர்த்திய விரல் காற்றை உணராதது போல, கருவி மரத்துப் போகும். நீரைப் பல பாகை சூடேற்றினால் அதிற் கரைந்திருக்கும் காற்று குமிழாக வெளிப்பட்டுச் சவ்வை மூடும். ஆகவே சில பாகைக்கு மேற் சூடேற்றலாகாது. நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் உலோகத் தடங்களைக் காப்புறையால் மூட வேண்டும். வெயிலில் வாய்க்கால் நீரே காலையும் மாலையும் உஷ்ணம் மாறும். அந்த மாற்றத்தை ஓட்டமாக எண்ணி ஏமாறாதிருக்க இன்னோர் உஷ்ணமானி வேண்டும். எனவே திறந்த வாய்க்காலுக்கு இன்றும் அளவுக்கோலும் கற்கட்டு அளவுமடையுமே நம்பத்தக்கவை. சிறு குழாய்களிலும் சொட்டு நீர்ப்பாசனத்திலும் தெளிந்த நீரிலும் நுண்வெப்ப உணரிக்கு இடமுண்டு. மண்ணுக்குள் ஊறும் நீரை அறிவதிலோ வெப்ப வழிக்கு நிகரான வழிகள் சிலவே.

*

1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீடும் வயலும் வெள்ளத்திற் போயின. உறங்கிக்கொண்டிருந்த ஏழைகளின் மேலேயே அந்த நீர் விழுந்தது.

உலகெங்கும் மண் அணைகளை அழிக்கும் முக்கிய காரணங்களில் ஒன்று உள்ளரிப்பு. கட்டுக்குள் நூலிழை போல ஊறும் நீர், துகள் துகளாக மண்ணைச் சுமந்து சென்று, உள்ளே குழாய் போலத் துளை போடுகிறது. வெளியே ஈரம் தெரியும் நாளில் உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அந்த ஊற்றின் வேகம் விசைக்கருவி எதற்கும் எட்டாது. ஜெர்மனியிலும் சுவீடனிலும் 1990களில் பொறியியலாளர் இதற்கு வெப்பத்தை நாடினார்கள். குளத்து நீரின் உஷ்ணம் பருவத்தோடு மாறும். கட்டின் ஆழத்து மண் மாறாது. மண்ணின் உஷ்ணமும் நீரோடு சேர்ந்து மாறும் இடத்தில் நீர் ஊறுகிறது என்று பொருள். நம்முடையது போன்ற நாட்டிற் கோடைக்கும் மாரிக்கும் உஷ்ண வேறுபாடு சிறியது. ஆகவே இரண்டாவது வழியே நமக்கு ஏற்றது. கட்டுக்குள் புதைத்த வடத்தை மெல்லச் சூடேற்ற வேண்டும். ஈரமில்லாத இடத்தில் வடம் சூடேறும். நீர் ஊறும் இடத்திற் குளிர்ந்தே இருக்கும். வடத்துக்குள் ஓடும் கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்தி, அதன் நீளமெங்கும் உஷ்ணத்தை அறியலாம். நனைந்த விரலை மண்ணுக்குள் நீட்டிவைத்தது போன்ற வேலை இது. கந்தளாயின் துயரை இந்த வடம் தடுத்திருக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. ஆயிரமாயிரம் குளங்களை நம்பி வாழும் ஒரு நாட்டில், கட்டின் உள்ளே நடப்பதை அறியும் வழியிருந்தும் அறியாதிருப்பது குற்றம் என்று சொல்ல நம்மால் முடியும்.

இரண்டாவது துயர் மனிதர் செய்தது. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்றுத் துருசை மூடினார்கள். கீழேயுள்ள வயல்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்து உழவரும் நீருக்குத் தவித்தார்கள். துருசை மீட்க அரசாங்கம் படை அனுப்பியது. ஓகஸ்ட் தொடக்கத்தில் போர் மூதூருக்குள் நுழைந்தது; ஆயிரக்கணக்கானோர் கைக்குழந்தைகளோடு ஊரைவிட்டு ஓடினார்கள். ஓகஸ்ட் 4ஆம் நாள், பட்டினிக்கு எதிராகப் பணியாற்றும் பிரெஞ்சு நிவாரண நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டனை பெறவில்லை. ஒரு துருசின் கதவில் தொடங்கிய செயல் எங்கே போய் முடியும் என்பதற்கு மூதூரின் மண் சாட்சி.

எந்த உணரியும் அந்தப் போரைத் தடுத்திருக்காது. துருசை மூடுகிறவனுக்கு நீரின் வேகம் தெரியாமலில்லை. நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. நீரின் அளவு ஒருவன் கையில் மட்டும் இருக்கும்போது, அவன் வட்டவிதானையாயினும் அதிகாரியாயினும் ஆயுதம் ஏந்தியவனாயினும், மற்றவர்களின் உயிர் அவன் கையில் இருக்கிறது. அளவு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது வழக்கு நிற்காது. ஆனால் வழக்கைத் தீர்க்க ஒரு பொது மொழி பிறக்கும். உரோமாபுரியின் தொழிலாளிமேற் சுமந்த பழியும், கடைவாய்க்கால் உழவன்மேல் இன்று சுமத்தப்படும் பழியும், அரைக் கணக்கிற் பிறந்தவை. முழுக் கணக்கு ஏழையின் பக்கம் நிற்கும். ஏனெனில் மறைப்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை.

கருவி சிறிதாகிவிட்டது, மலிவாகவும் வருகிறது. ஒரு காலத்திற் பல்கலைக்கழகக் காற்றுச்சுரங்கத்தில் மட்டும் இருந்தது, இன்று மோட்டார் வண்டியின் இயந்திரம் உள்ளிழுக்கும் காற்றை அளக்கும் சாதாரணப் பொருளாகிவிட்டது. செல்வரின் வண்டிக்கு வந்தது உழவனின் குளக்கட்டுக்கும் வர வேண்டும். நம் பல்கலைக்கழக இளைஞர் இந்த வடிவமைப்பைக் கற்று, நம் சேற்றுக்கும் நம் வெயிலுக்கும் ஏற்றபடி அதை மாற்ற வேண்டும். குளக்கட்டின் கணக்கும் துருசின் கணக்கும் திணைக்களத்தின் கோப்புக்குள் உறங்கலாகாது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகையாக வாய்க்காற் கரையில், தலைப்பிலும் கடையிலும், நாள்தோறும் நிற்க வேண்டும். எழுத்தறிந்த பிள்ளை அதை வாசித்துத் தந்தைக்குச் சொல்லட்டும். அடுத்த சிறுபோகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் அந்தத் தந்தை எழுந்து பேசும்போது, அவன் கையில் கெஞ்சலுக்குப் பதிலாக ஓர் அளவு இருக்கும்.